அதுக்கு முன்னம்?

கார் பழுது என்று போகிறவர்களை மெக்கானிக் அக்கா முதலில் கதிரையில் இருத்துவார். காரைத் திரும்பியும் பார்க்கமாட்டார். பொனற்றைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறவனிடம், "அதை மூடிப்போட்டு வந்து இருங்கோ" என்பார். கம்பி வைத்துக் கட்டிய காலோடு ஒரு நீலப் பிளாஸ்டிக் கதிரை. அதற்கு எதிரே கவிழ்த்து வைத்த பெயின்ற் வாளியில் அவர் இருப்பார். பிறகு கேள்வி தொடங்கும்.

"என்ன நடந்தது?"

"கார் நிண்டிட்டுது அக்கா."

"அதுக்கு முன்னம்?"

"முன்னம் ஓடினதுதானே."

"ஓடினது தெரியும் தம்பி. நிக்கிறதுக்கு முன்னம் என்ன செய்தது? குலுக்கினதோ, இருமினதோ, இல்லாட்டிச் சத்தமில்லாமல் போனதோ? லைற் மங்கினதோ? நீங்கள் கோர்ன் அடிச்சனீங்களோ? வண்டிக்குள்ளை ஆர் இருந்தது?"

வண்டி என்றுதான் சொல்லுவார். எங்கள் பக்கத்தில் காரை யாரும் வண்டி என்பதில்லை. இருபது வருடத்துக்கு மேல் தமிழ்நாட்டு முகாமில் இருந்துவிட்டு வந்தவர். அந்த ஒரு சொல்லும், கோபம் வந்தால் ஓமுக்குப் பதிலாக ஒரு 'ஆமா'வும் அவரோடு கடல் தாண்டி வந்துவிட்டன. ஓட்டோக்காரப் பெடியன்கள் பகிடிக்கு, "அக்கா, எங்கடை வண்டியைக் கொஞ்சம் பாருங்கோவன்" என்று இழுப்பார்கள். அவருக்கு அதிலெல்லாம் கோபம் வராது. கேட்ட கேள்விக்குப் பதில் வராவிட்டால்தான் வரும்.

மன்னார்ப் பட்டினத்திலிருந்து தாராபுரம் போகிற வழியில் அவருடைய தகரக் கொட்டில் இருந்தது. பெயர்ப்பலகை இல்லை. அதன் நிழலுக்கு வந்து படுக்கிற கழுதைகள்தான் அடையாளம். யாரிடம் விசாரித்தாலும், "கழுதை படுத்திருக்கிற கொட்டில்" என்று கைகாட்டுவார்கள். கழுதை எழும்பிப் போயிருந்தால் உங்கள் பாடு.

அவரிடம் கருவி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு சின்னப் பல்ப், அதிலிருந்து இரண்டு வயர், ஒரு வயரின் நுனியில் ஊசி, மற்றதில் கவ்வி. அதைக் கழுத்தில் மாலை மாதிரிப் போட்டிருப்பார். ஊசியை ஒரு வயரில் குத்தினால், அதில் மின்சாரம் இருந்தால் பல்ப் எரியும், இல்லாவிட்டால் எரியாது. அவ்வளவுதான். ஆனால் அந்தப் பல்ப்பைக் கழுத்திலிருந்து கழற்றுவதற்கு முன்னால் கேள்வியால் காரை முக்கால்வாசி பிரித்திருப்பார்.

பாதர் ஒருவருடைய பழைய கார் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் நின்றுகொண்டிருந்தது. முதல் பூசையை முடித்துவிட்டு அடுத்த கோயிலுக்குப் போகிற வழியில் நிற்கும். திங்கட்கிழமை ஒரு குறையும் இருக்காது. பிசாசின் வேலை என்று சனம் கதைக்கத் தொடங்கிவிட்டது. அக்கா பாதரை நீலக் கதிரையில் இருத்தினார்.

"சனிக்கிழமை பின்னேரம் என்ன செய்யிறனீங்கள் பாதர்?"

"நான் பாவசங்கீர்த்தனம் கேக்கிறனான். இப்ப நீர் என்னட்டைக் கேக்கிறீர்."

"அதுக்கு முன்னம்?"

பாதர் யோசித்தார். அதற்கு முன்னம் அவர் கார் கழுவுகிறவர். ஞாயிறு பூசைக்குப் போகிற கார் அழுக்காக இருக்கக்கூடாது என்று, பொனற்றையும் திறந்து, குழாயைப் பிடித்து உள்ளேயும் அடிக்கிறவர். பிளக்குகளுக்கு மின்சாரம் பிரிந்து போகிற மூடியில் மயிரளவு வெடிப்பு. அதற்குள் ஈரம் போனால் மறுநாள் காய மத்தியானமாகும். அக்கா பொனற்றைத் திறக்கும்போதே கையில் புது மூடி இருந்தது. பாதர் போகும்போது, "உம்மை எங்கடை பக்கம் எடுத்திருக்கவேணும்" என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

எனக்கு இதைச் சொன்னபோது அக்கா சிரிக்கவில்லை. "எனக்குக் கேள்வி கேக்கப் பழக்கினது முகாம்தான். எந்த ஊர், அதுக்கு முன்னாடி எங்க, அதுக்கு முன்னாடி எங்க எண்டு கேட்டுக்கேட்டே எழுதுவாங்கள். ஒரு நாள் ஒரு மாதிரியும் மற்ற நாள் வேறை மாதிரியும் சொன்னால் அண்டைக்கு அரிசி இல்லை. அப்பிடித்தான் பழகினது" என்றார். அதற்குமேல் அந்தக் கதையை அவர் என்னிடம் சொன்னதில்லை. இப்போது கேட்கவும் ஆள் இல்லை. அக்கரையில் தங்கிவிட்ட மகளைப் பார்க்கப் போனவர் திரும்பி வரவில்லை என்று கேள்வி. கொட்டிலைக் கழற்றிவிட்டார்கள். கழுதைகள் அந்த வெறும் நிலத்திலேயே படுக்கின்றன.

நான் அவரிடம் போனது வேறு வழியில்லாமல்.

எனக்கு ஊர் அடம்பன். கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிறவன். என் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. செவ்வாயும் வெள்ளியும் காலையில் மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் இரத்தத்தை மெஷினில் விட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். அதைச் செய்தால் மூன்று நாள் மனுசி மாதிரி இருப்பாள். ஒரு முறை தவறினால் கால் வீங்கும், முகம் வீங்கும், தண்ணீர் நெஞ்சுக்குள் ஏறி மூச்சு முட்டும். இரண்டு முறை தவறினால் என்ன என்று வைத்தியரிடம் கேட்டேன். அவர் என்னைப் பார்த்துவிட்டுப் பேனையை மூடினார்.

பஸ்ஸில் நிற்க அவளால் ஏலாது. ஓட்டோவின் குலுக்கலில் ஒருமுறை மயங்கிவிட்டாள். எங்களிடம் இருந்தது என்னைவிடப் பத்து வயது குறைந்த ஒரு பழைய கார். அது எட்டு மாதமாக வழியில் நின்றுகொண்டிருந்தது.

எல்லா நாளும் நின்றிருந்தால் விற்றுத் தொலைத்திருப்பேன். வயலுக்குப் போனால் நிற்காது. உரம் ஏற்றினால் நிற்காது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போதுதான் நிற்கும். அதுவும் தள்ளாடிச் சந்தியைத் தாண்டி, தீவுக்குப் போகிற தாம்போதியில் ஏறிய பிறகு. இரண்டு பக்கமும் கடல். நிழலுக்கு ஒரு செடி கிடையாது. இரண்டு தரம் இழுக்கும், பிறகு சத்தமில்லாமல் போய்விடும். நான் பதறி இறங்கி, அவளைத் தூக்கி இறக்கி, வீதியோரக் கட்டின்மேல் இருத்தி, வருகிற பஸ்ஸையோ லொறியையோ கைகாட்டி மறித்து அனுப்புவேன். அவள் போனபிறகு சாவியைத் திருப்பினால் முதல் திருப்பிலேயே ஸ்டார்ட் ஆகும். வெயிலில் தனியே நின்று அந்தக் காரை உதைத்திருக்கிறேன். செருப்புத்தான் அறுந்தது.

நான்கு மெக்கானிக் பார்த்தார்கள். ஒருவர் கொயில் மாற்றினார், ஒருவர் பம்ப் மாற்றினார், ஒருவர் பிளக் முழுவதையும், ஒருவர் பற்றரியை. கடைசியில் அந்தக் காரில் பழசாக மிஞ்சியது கதவுகளும் நானுந்தான். நால்வரும் காரை ஓடிப் பார்த்தார்கள். யாருக்கும் நிற்கவில்லை. நால்வரும் என்னை ஒருமாதிரிப் பார்த்தார்கள்.

ஐந்தாவது ஆள்தான் அக்கா. அவள் மெஷினில் கிடக்கிற நான்கு மணித்தியாலத்துக்குள் காரைக் கொண்டுபோனேன். நீலக் கதிரை, பெயின்ற் வாளி.

"போகேக்கை நிக்குதோ, வரேக்கை நிக்குதோ?"

இந்தக் கேள்வியை அதுவரை ஒருவரும் கேட்டிருக்கவில்லை. யோசித்துப் பார்த்துவிட்டு, "போகேக்கைதான் அக்கா. வரேக்கை ஒருநாளும் இல்லை" என்றேன்.

"வண்டி அதே வண்டி. றோட்டும் அதே றோட்டு. வேறை என்ன மாறுது?"

"ஒண்டும் மாறேல்லை."

"ஏதோ ஒண்டு மாறுது. சரி. இதின்ரை வயருக்கை ஆராவது கை வைச்சதோ? வெட்டினது, ஒட்டினது, புதுசா ஏதும் கொழுவினது?"

"இல்லை அக்கா."

இல்லை என்று நான்கு மெக்கானிக்குகளிடமும் சொல்லியிருந்தேன். வாய்ப்பழக்கத்தில் ஐந்தாவது முறையும் வந்துவிட்டது. உண்மை வேறு. நாட்டில் பெற்றோல் இல்லாமல் வரிசையில் கிடந்த காலத்தில், காரை ஒருவரும் கிளப்பிக்கொண்டு போகக்கூடாது என்று, பம்புக்குப் போகிற வயரை வெட்டி முன் சீற்றுக்குக் கீழே ஒரு கள்ள சுவிட்ச் போட்டிருந்தேன். நானே என் கையால். பிறகு பெற்றோல் தாராளமாக வந்ததும் சுவிட்சைக் கழற்றி எறிந்துவிட்டு, வயரின் இரண்டு நுனியையும் முறுக்கிச் சுற்றிவிட்டேன். அது முடிந்துபோன கதை என்பது என் எண்ணம். வீட்டுக்கு லைற் போடுகிற வயரைக் காருக்குப் போட்டவன் என்று சொல்லவும் வெட்கமாக இருந்தது.

சொல்லியிருப்பேன். உண்மையில் வாய் திறக்கப் போனேன். அந்த நேரம் பார்த்து ஒரு ஓட்டோக்காரர் வந்தார். நேற்றுக் கேட்டபோது, பற்றரியை முனை மாறிக் கொழுவவில்லை என்று சொன்னவராம். அக்கா அவருடைய ஓட்டோவில் உருகிப்போன ஒரு வயரை எடுத்து அவருக்கு முன்னால் பிடித்தார்.

"மாறிக் கொழுவினதோ இல்லையோ?"

"ஒரு நிமிசந்தான் அக்கா..."

"நேத்து ஏன் இல்லையெண்டனீங்கள்? ஆமா, எனக்கு ஒரு நாள் வேலை போச்சு. வேறை இடம் பாருங்கோ. பொய் சொல்லுறவையின்ரை வண்டியை நான் திறக்கிறேல்லை."

அவர் கெஞ்சிப் பார்த்தார். அக்கா அசையவில்லை. ஓட்டோவைத் தள்ளிக்கொண்டு அவர் போவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த வாசலும் மூடிவிட்டால் எனக்குப் போக இடமில்லை. அக்கா வந்து வாளியில் இருந்து, அதே கேள்வியை வேறு விதமாகக் கேட்டார்.

"ஆரும் தெரிஞ்ச ஆக்கள், சும்மா உதவிக்கு, ஏதும் நோண்டினவையோ?"

"இல்லை" என்றேன்.

இப்போது நினைத்தாலும் என் கன்னத்தில் நானே அறையலாம் போலிருக்கிறது.

அக்கா வாளியிலிருந்து எழும்பினார். "உங்களிட்டை இருக்கிறது பாதிப் பதில்தான். மிச்சம் உங்கடை மனுசியிட்டை இருக்கும். வெள்ளிக்கிழமை நான் உங்களோடை வாறன்."

"அவவுக்குக் கார் ஓடத் தெரியாது அக்கா."

"இருக்கத் தெரியும்தானே?"

வீட்டில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. என்னுடைய மூத்த சகோதரி வந்து போகிற நேரமெல்லாம், "அவள் ஏறினால்தானே நிக்குது? வயலுக்குப் போனால் நிக்கேல்லையே?" என்று குசினிக்குள் சொல்லிக்கொண்டிருந்தார். மெதுவாகச் சொல்வதாக அவருக்கு நினைப்பு. என் மனைவிக்குக் காது பழுதில்லை.

வியாழக்கிழமை பின்னேரம், வீங்கிய காலை ஒரு தலையணைமேல் வைத்துக்கொண்டு அவள் சொன்னாள்: "இஞ்சேருங்கோ, நான் ஒண்டு சொல்லட்டே. எனக்கு மூச்சு வாங்கேக்கைதான் அதுவும் நிக்குது. நீங்கள் கவனிக்கேல்லை, நான் கவனிச்சனான். எனக்கு வருத்தம் கூடக்கூட அதுக்கும் ஏலாமல் போகுது. என்னைக் கொண்டுபோகாதையெண்டு சொல்லுது போல."

"விசர்க்கதை கதையாதை."

"நாளைக்கு வாறன். நாளைக்கும் நிண்டால் அதோடை சரி. இனி என்னைக் கேக்கக்கூடாது. றோட்டிலை இருத்தி வைக்கிறியள், லொறிக்காரன் எல்லாம் பாக்கிறான். போதும்."

நான் சத்தம் போட்டேன், காலைப் பிடித்தேன், சாமிப் படத்துக்கு முன்னால் சத்தியம் கேட்டேன். அவள் மாறவில்லை. இதில் மறைக்க ஒன்றுமில்லை: அவள் ஏறினால்தான் நிற்கிறது என்று எனக்கும் ஒரு கணம் தோன்றியிருக்கிறது. ஒரு கணமில்லை, சில நாட்கள். அவளுக்கும் அது தெரிந்திருந்தது.

வெள்ளிக்கிழமை அக்கா முதல் பஸ்ஸில் அடம்பனுக்கு வந்துவிட்டார். பின் சீற்றில் ஏறி, அந்தச் சீற்றின் மெத்தையைத் தூக்கி ஒருபக்கம் சாய்த்துவிட்டு, வெறும் தகரத்தில் குந்திக்கொண்டார். பம்புக்கு வருகிற வயர் அந்த இடத்தில்தான் முடிகிறது. கழுத்தில் பல்ப். என் மனைவி முன்னால், எனக்குப் பக்கத்தில். அவளோடு அக்கா ஒன்றும் கதைக்கவில்லை. பார்த்துக்கொண்டே வந்தார்.

உயிலங்குளம் வரை அவள் சாய்ந்துதான் இருந்தாள். தள்ளாடிச் சந்தி நெருங்க மூச்சு ஏறியது. நெஞ்சுக்குள் தண்ணீர் உள்ளவர்களுக்குச் சாய்ந்திருந்தால் மூச்சு வராது. அவள் முன்னுக்கு நகர்ந்து, சீற்றின் விளிம்பில் குந்தி, இரண்டு கையாலும் முன்பலகையைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு செவ்வாயும் வெள்ளியும் இதே இடத்தில் இப்படித்தான் செய்வாள். நான் அதை அவளுடைய நோயாகப் பார்த்தேனே தவிர, ஒரு இருக்கையின்மேல் பாரம் இடம் மாறுகிறது என்று பார்க்கவில்லை.

தாம்போதியில் ஏறினோம். கார் இரண்டு தரம் இழுத்தது. நின்றது.

அவள் என் பக்கம் திரும்பினாள். கதைக்க மூச்சில்லை. பார்த்தீர்களா என்பது போல் தலையை மட்டும் ஆட்டினாள். நான் குதித்து இறங்கி அவள் பக்கக் கதவைத் திறந்து, வழக்கம்போல் அவளைத் தூக்கக் கை கொடுத்தேன்.

"இறக்காதேங்கோ!"

அக்காவின் குரலில் நான் நின்றுவிட்டேன்.

"அக்கா, அவவுக்கு மூச்சு..."

"தெரியும். இறக்கினால் பழுதும் இறங்கிப் போயிடும். எட்டு மாசமா நீங்கள் செய்தது அதுதான். பிள்ளை, ரெண்டு நிமிசம். இருக்கிற மாதிரியே இருப்பீங்களோ? அசையாமல்?"

அவள் தலையாட்டினாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. நான் அக்காவைத் திட்டினேன். என்ன சொன்னேன் என்று எழுதமுடியாது. அவர் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

"சாவியைப் போடுங்கோ."

ஓடிப்போய் என் சீற்றில் ஏறிப் போட்டேன். பின்னால் ஊசியைக் குத்தினார். பல்ப் எரியவில்லை. மெத்தைக்கு மேலால் ஏறி முன்னுக்கு வந்து, என் முழங்காலுக்குப் பக்கத்தில் பியூஸ் பெட்டியில் குத்தினார். "திரும்பப் போடுங்கோ." பல்ப் பளிச்சென்று எரிந்தது.

"முன்னுக்கு இருக்கு. பின்னுக்கு இல்லை. நடுவிலை எங்கையோ."

நான் வயல்காரன். மதகில் தண்ணீர் விழுந்து கடைசி வயலுக்கு வராவிட்டால் வரம்பு நெடுகப் போய்ப் பார்க்கத் தெரியும் எனக்கு. முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் இருந்தது அவள். அவளுக்குக் கீழே இருந்தது நான் முறுக்கிய வயர். அந்த இடத்தில் எனக்கு விளங்கிவிட்டது. விளங்கியும் வாய் வரவில்லை. அக்கா என்னைக் கேட்கவே இல்லை. முழங்காலில் நின்று அவளுடைய முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"பிள்ளை, உங்கடை சீற்றுக்குக் கீழை எப்பவாவது ஆரும் கை வைச்சதோ?"

"பெற்றோல்... லைன் நேரம்..." ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு எடுத்தாள். "இவர்... ஒரு சுவிட்ச்... போட்டவர்."

"பிறகு?"

"கழட்டி... ஒட்டினவர்."

அவளுக்குத் தெரிந்திருந்தது. எட்டு மாதமாகத் தெரிந்திருந்தது. நான்கு மெக்கானிக் வந்து போனார்கள், ஒருவரும் அவளைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. காரைப் பற்றி நோயாளியிடம் என்ன கேட்பது?

அக்கா சீற்றுக்குக் கீழே கையை விட்டுத் தரைவிரிப்பைக் கிழித்தார். அதை வெளியே இழுத்தபோது நான் கடலைப் பார்த்தேன். முறுக்கிய முடிச்சு, அதன்மேல் சுற்றிய பிளாஸ்டர். வயரில் சுற்றுகிற கறுத்த ரேப் அன்று முடிந்துபோய், அவளுடைய கையில் ஊசி குத்தின இடத்துக்கு ஒட்டுகிற வெள்ளைப் பிளாஸ்டரை எடுத்துச் சுற்றியிருந்தேன். அது பழுப்பாகி, உப்புக்காற்றில் உதிர்ந்து, உள்ளே செம்பு முழுவதும் பச்சை பிடித்திருந்தது. நான்கைந்து இழை மட்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. அவள் விளிம்பில் குந்தினால் சீற்றின் முன் கம்பி கீழே பதிந்து அந்த இழைகளைப் பிரிக்கும். அவள் இறங்கினால் கம்பி எழும்பும், இழை தொடும், கார் ஓடும். திரும்பி வரும்போது களைத்துச் சாய்ந்து படுத்திருப்பாள், பாரம் பின்னுக்கு.

அக்கா அதை எனக்குக் காட்டவில்லை. அவளுடைய மடியில் வைத்தார்.

"பிள்ளை, வடிவாப் பாருங்கோ. நிண்டது இது. நீங்கள் இல்லை."

அவள் அதை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். "இது... என்ரை பிளாஸ்டர்" என்றாள். சிரிக்க வெளிக்கிட்டு இருமினாள். இருமி முடிந்தும் அதைக் கையில் வைத்திருந்தாள்.

அக்கா வயரின் இரண்டு நுனியையும் பல்லால் உரித்து, நல்ல துண்டு ஒன்றை நடுவில் வைத்து முறுக்கிக் கட்டினார். கட்டும்போது என்னிடம் ஒரே ஒரு வசனம் சொன்னார்.

"தம்பி, உங்களை நான் ரெண்டுதரம் கேட்டனான்."

"ஓம் அக்கா."

போ என்று துரத்துவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் அவளுடைய தோளில் கை வைத்து, "இப்ப நல்லா முன்னுக்கு வந்து குந்துங்கோ. உங்கடை பாரம் முழுக்கப் போடுங்கோ. பாப்பம் நிக்குதோ எண்டு" என்றார்.

அவள் விளிம்பில் குந்தி, பலகையைப் பிடித்து, இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டிச் சீற்றை அமத்தினாள். தாம்போதி முடியும் வரை அமத்திக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு முறை அமத்திவிட்டும் என்னைப் பார்த்தாள். கார் போய்க்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் வீதி கலங்கிக் கலங்கித் தெரிந்தது.

அன்றைக்கு எங்கள் கட்டிலை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். மத்தியானம் வரை ஒட்சிசன் மூடியோடு காத்திருந்தாள். ஆனால் செவ்வாய்க்கிழமை, நான் கேட்காமலே, விடியவே சீலை மாற்றிக்கொண்டு வந்து காரில் ஏறி இருந்தாள். என் சகோதரி குசினிக்குள்ளிருந்து வெளியே வரவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வருடமும் இரண்டு மாதமும் அவள் போய்வந்தாள். மெஷினால் முடிந்தது அவ்வளவுதான்.

எட்டாம் நாள் சடங்கு, எட்டுச் செலவு, முடிந்த பிறகு அக்காவிடம் போனேன். ஏன் போனேன் என்று தெரியாது. காரில் ஒரு பழுதும் இல்லை. கழுதைகளை விலக்கிக் காரை விட்டுவிட்டு, அவர் சொல்லாமலே நீலக் கதிரையில் போய் இருந்தேன். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாளியில் இருந்தார்.

"மனுசி போயிட்டா அக்கா."

அவர் எல்லாரிடமும் கேட்கிறதைத்தான் கேட்டார். ஆனால் மெதுவாக.

"அதுக்கு முன்னம்?"

அதுவரை நான் ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை. செத்தவீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் எப்போது, எத்தனை மணிக்கு என்றுதான் கேட்டார்கள். நான் பின்னாலிருந்து சொல்லிக்கொண்டு போனேன். அதற்கு முன்னம் மெஷினை நிற்பாட்டினார்கள். அதற்கு முன்னம் நேர்ஸ் மிஸ் ஓடிவந்து நெஞ்சை அமத்தினா. அதற்கு முன்னம் நான்தான் அவளைக் கட்டிலில் கிடத்தினேன். கை என்னுடைய சட்டையைப் பிடித்திருந்தது. அதற்கு முன்னம் வாசலில் சக்கர நாற்காலி இல்லாமல் தூக்கிக்கொண்டு ஓடினேன். அதற்கு முன்னம் தாம்போதி. அவள் சீற்றின் விளிம்பில் குந்தியிருந்தாள். பலகையைப் பிடித்திருந்தாள். மூச்சு வரவில்லை. முழுப் பாரமும் முன்னுக்குப் போட்டிருந்தாள்.

அக்கா வாளியிலிருந்து கொஞ்சம் முன்னுக்கு வந்தார்.

"வண்டி?"

"நிக்கேல்லை அக்கா."

"நடுவிலை எங்கையும்?"

"எங்கையும் நிக்கேல்லை. கொண்டுபோய்ச் சேத்துப்போட்டன்."

நான் பொய் சொல்லவில்லை என்று அவருக்குத் தெரிந்தது. அவர் ஓம் என்று தலையாட்டினார். அதற்கு முன்னம் என்று பிறகு அவர் கேட்கவில்லை.